மங்கல் பக்கம் கீழே

இல்லண்ணே, அந்தக் கை இல்ல. இடது கை. ஆமா, அதேதான். இந்த மேஜை மேல வைங்க. வீட்ல டீ குடிச்சு முடிச்சிட்டு சும்மா உக்காந்திருக்கும்போது வைப்பீங்கல்ல, அப்படி. விரலை எல்லாம் விறைப்பா வைக்காதீங்க, ஊசியா போடப்போறேன்? இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க, ஜன்னல் வெளிச்சம் விழணும். போதும். இனிமே அசையாதீங்க. பேசவும் வேணாம். பேசினா தோள் ஆடும், தோள் ஆடினா கையும் ஆடும். நான் பேசிக்கிறேன். என் வாய் ஆடுறதால கேமராவுக்கு ஒண்ணும் ஆகாது, முப்பது வருஷமா கேட்டுக் கேட்டு அதுக்குப் பழகிப்போச்சு.

ஸ்டூல் ஆடுதா? ஆடும். நானே செஞ்சது. ஒரு கால் குட்டையாயிடுச்சு, அதைச் சரி பண்றேன்னு மத்த மூணையும் அறுத்து, கடைசியில நாலும் நாலு தினுசா போச்சு. இவ்வளவு சிலை செய்ற உனக்கு ஒரு ஸ்டூல் ஒழுங்கா செய்ய வரலையேக்கான்னு என் தம்பி வர்றப்பல்லாம் சிரிப்பான். நீங்க கூட செஞ்சு தருவீங்க இதைவிட நல்லா. மர மில்லுல இருபத்திரெண்டு வருஷம் இருந்தவர்கிட்ட போய் இந்த ஸ்டூலைப் போட்டு உக்காரச் சொல்றேன் பாருங்க, எனக்கு வெக்கமே கிடையாது.

மூணு தடவ ஆள் அனுப்பினேன். வரமாட்டேன்னுட்டீங்க. கோவம் எனக்கு இல்லண்ணே, நியாயம்தானே. இன்னைக்கு வந்ததே பெருசு. வாசல்ல வந்து செருப்பைக் கழட்டாம கொஞ்ச நேரம் நின்னீங்கல்ல, நான் உள்ள இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இப்படியே திரும்பிப் போயிடுவீங்கன்னு நெனச்சேன். போயிட்டா நல்லதுன்னும் ஒரு மனசு சொல்லுச்சு. அதை விடுங்க. தண்ணி வேணும்னா அந்தச் செம்புல இருக்கு. சோத்தாங்கையால எடுங்க, இது அசையக்கூடாது.

அலமாரியில என்ன பாக்குறீங்க? பாருங்க, தாராளமா பாருங்க, கண்ணை மட்டும் திருப்புங்க. மேல் தட்டுல இருக்குறதெல்லாம் முடிஞ்சது. ஓரத்துல கட்டைவிரலும் நடுவிரலும் விரிஞ்சாப்ல ஒண்ணு இருக்கே, அது சலூன்காரர் கை. கத்தரி இல்லாமலே கத்தரி பிடிச்சிருக்கும். தூக்கத்துலயும் அப்படித்தான் வச்சிருப்பார்னு அவர் வீட்டம்மா சொன்னாங்க. பக்கத்துல ரெண்டு விரலை நீட்டிக்கிட்டு இருக்குறது ஆஸ்பத்திரியில நாடி பாக்குற நர்ஸம்மா. அந்தக் கனத்த கை பஸ் டிரைவர். கியர் உருண்டையைப் பிடிச்சுப் பிடிச்சு உள்ளங்கையில ஒரு குழி விழுந்திருக்கு பாருங்க, அந்தக் குழியைத் தோண்ட எனக்கு நாலு நாள் ஆச்சு. பாக்க வர்றவங்கெல்லாம், ஏம்மா, முழு ஆளையும் செய்யக்கூடாதான்னு கேப்பாங்க. முழு ஆளையும் செஞ்சா எல்லாரும் மூஞ்சியத்தான் பாப்பாங்க. மூஞ்சிக்குப் பொய் சொல்ல நல்லா வரும்ணே. கைக்கு அந்த அளவு பழக்கம் இல்ல. அப்படித்தான் நான் நெனச்சிட்டு இருந்தேன்.

மொதல்ல படம், அப்புறம் மரம். அதுதான் என் வழக்கம். எந்த மனுசனும் இருபது நாள் கையை நீட்டிக்கிட்டு என் எதுக்க உக்கார மாட்டான். படம் உக்காரும். அதைச் செவுத்துல ஒட்டி வச்சுக்கிட்டு உளியை எடுத்தா, சாப்பாடு தூக்கம் எல்லாம் மறந்துபோகும். ஃபிலிம் கழுவுறதும் பிரிண்ட் போடுறதும் இங்கயேதான், பாத்ரூம் கதவுக்குக் கறுப்புத் துணி அடிச்சிருக்கேன். இந்தக் காலத்துல போன்ல டக்குனு எடுக்குறதை விட்டுட்டு இவ என்ன பாத்ரூமுக்குள்ள பூந்து சமையல் பண்றான்னு தெருவே பேசும். பேசிட்டுப் போவட்டும். கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பண்ணிக்கல. அம்மா போனப்ப தம்பிக்குப் பதினோரு வயசு, அவனை ஆளாக்குறதுலயே பாதி போச்சு, மீதி இந்த மரத்தைக் குடையுறதுல போகுது.

ம். ஒண்ணு எடுத்துட்டேன். அப்படியே இருங்க.

போன மாசம் உங்களைப் பாத்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது. இருக்கா? கண்டுக்காத மாதிரி இருந்தீங்களே. அந்த அபார்ட்மெண்ட்ல ஏழாவது மாடி டாக்டர் வீட்டுக்கு ஒரு சிலை கொண்டு வந்தேன். கேட்டுல செக்யூரிட்டி சட்டை போட்டுக்கிட்டு நீங்க நிக்கிறீங்க. எனக்கு முன்னாடி ஒரு கொரியர்காரன், அவன் பேரை நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தீங்க. பேனா வலது கையில இருந்துச்சு. எழுத்து எழுத்தா, ஒண்ணாங் கிளாஸ் புள்ளை மாதிரி, நாக்கைக் கடிச்சுக்கிட்டு எழுதுறீங்க. கொரியர்காரன், சீக்கிரம் எழுதுய்யா நேரமாவுதுன்னு கத்துறான். இடது கையை முதுகுக்குப் பின்னாடி வச்சிருந்தீங்கண்ணே. இப்ப இங்க வந்து உக்காந்தப்ப கூட மொதல்ல வலது கையைத்தான் தூக்கி வச்சீங்க, பாத்தீங்களா?

சின்ன வயசுல வாத்தியார் ஸ்கேலால அடிச்சும் மாறாத கைன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. மில்லுல உங்களை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல, லெஃப்ட்டு அண்ணேதான். லெஃப்ட்டு அண்ணே ரெண்டு அங்குலம்னு கண்ணால சொன்னா டேப் வச்சாலும் ரெண்டு அங்குலம்தான் இருக்கும்னு மொதலாளியே சொல்வாரு. அடிச்சும் மாறாத கையை நான் எடுத்த ஒரு போட்டோ மாத்திடுச்சு. டாக்டர் வீட்டுல சிலையை வச்சிட்டு வேற கேட்டு வழியா போயிட்டேன் அன்னைக்கு. உங்களைத் தாண்டிப் போக முடியல.

எந்திரிக்காதீங்க. உக்காருங்கண்ணே. அந்தப் பேச்சை எடுக்கத்தான் கூப்பிட்டேன், ஆமா. உங்களுக்குத் தெரியாத கதை இல்ல. ஆனா என் பக்கத்துல இருந்து யாரும் உங்களுக்குச் சொன்னதில்லைல. கேட்டுட்டுப் போங்க. கேட்டுட்டு என்னை ரெண்டு அறை அறையணும்னா அறைஞ்சிட்டுப் போங்க. கை மட்டும் அங்கேயே இருக்கட்டும்.

அப்ப நான் உங்க மில்லுக்கு வாரத்துல மூணு நாள் வந்துட்டு இருந்தேன். மூலையில அந்த மரப்பட்டை குவிச்சு வச்சிருக்குற எடத்துல நின்னுக்குவேன், தூரத்துல இருந்து கிட்டத்துல பாக்குற லென்ஸு. அதுல கண்ணை வச்சா ஒரு கை மட்டும்தான் தெரியும், சுத்தி என்ன நடக்குது, யார் கை, எதுவும் தெரியாது. அன்னைக்கு, தண்டவாளத்துல மரத்தை ஏத்திட்டு ஓடுற அந்த டிராலியோட லிவரை ஒரு கை பிடிச்சுது. தூள் பறக்குது, வெளிச்சம் அதுல சாஞ்சு விழுது. எடுத்தேன். எடுத்துட்டு அடுத்த ஃபிலிமுக்கு நகத்துறதுக்குள்ள டிராலி கிளம்பிடுச்சு, உங்க மச்சான் கத்தினது கேட்டுச்சு. தண்டவாளத்துக்கு நடுவுல குனிஞ்சு பட்டையைப் பொறுக்கிட்டு இருந்திருக்காரு அவரு. நான் லென்ஸ்ல இருந்து கண்ணை எடுத்துப் பாக்குறப்ப எல்லாரும் ஓடுறீங்க. லிவர்கிட்ட யாரும் இல்ல.

அதுக்கு முன்னாடி லிவர் கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்னது நீங்க, இந்தப் பக்கம் உங்க கூட வேலை பாத்த என் தம்பி. ரெண்டு பேருக்கும் ஒரே நீலச் சட்டை, ஒடம்பெல்லாம் ஒரே தூள். நான் தொடலன்னு நீங்க சொன்னீங்க. நான் தொடலன்னு அவன் சொன்னான். டிராலி தானா ஓடாதுல்ல. அப்பதான் மொதலாளிக்கு என் ஞாபகம் வந்துச்சு. நீ படம் எடுத்துட்டு இருந்தியேம்மா, இருக்கான்னாரு. இருக்குன்னேன். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வேணும்னாரு.

காலையில எந்திரிச்சு ஃபிலிமைக் கழுவினேன். காயறதுக்கு நேரம் இல்ல, ஹேர் டிரையர் போட்டுக் காய வச்சேன். அப்படிக் காய வச்சா ஃபிலிம் சுருண்டுக்கும். அந்த ஒரு படத்தை மட்டும் வெட்டி, மெஷின்ல வச்சு, பிரிண்ட் போட்டேன். ஈரத்தோடயே கவர்ல போட்டு எடுத்துட்டு ஓடி வந்தேன். மொதலாளி ரூம்ல மேஜை மேல வச்சேன். அப்புறம் மொதலாளி சொன்னாரு, இது இடது கைன்னு.

மில்லுல பீச்சாங்கைக்காரர் ஒரே ஒருத்தர்தான்.

நீங்க சொன்னீங்க, இது என் கை இல்லன்னு. எனக்கு அப்படியே காதுல இருக்கு. சத்தம் கூடப் போடல நீங்க. ரெண்டு தடவ சொன்னீங்க. மொதலாளி என்னைப் பாத்து, என்னம்மா, இதுல ஏதாவது தப்பு இருக்குமான்னு கேட்டாரு. நல்ல மனுசன்தான், கேட்டாருல்ல. நான் என்ன சொன்னேன்? எனக்கு மனசுல ஒரு கர்வம். முப்பது வருஷம் இந்தத் தொழில்ல இருக்கேன், என் படத்தைப் பாத்துத் தப்பான்னு கேக்குறாங்களேன்னு. படம் பொய் சொல்லாதுங்கன்னேன். வாயில இருந்து வந்துடுச்சு. எங்க படிச்சேனோ, எவன் சொன்னானோ. அந்த மூணு வார்த்தையில உங்க இருபத்திரெண்டு வருஷம் போச்சு.

வேலை போனது மட்டும்னா கூட... அண்ணி இன்னும் பேசுறதில்லையா? ம். சாப்பாடு மட்டும் எடுத்து வைக்கிறாங்களா. மூணு வருஷமா. கூடப்பிறந்தவன் ஒரு காலை இழுத்து இழுத்து நடக்குறதை தினமும் பாக்குறாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. செஞ்சது கூடப் பரவாயில்ல, செஞ்சிட்டு இல்லன்னு சொன்னீங்கல்ல, அதைத்தான் என்னால தாங்க முடியலன்னு அண்ணி சொன்னாங்களாம். மில்லு முழுக்க அந்தப் பேச்சுதான். உங்க மச்சான் வீட்டு விசேஷத்துக்கு உங்களைக் கூப்பிடாம அண்ணியை மட்டும் கூப்பிட்டதும் தெரியும். எல்லாம் என் தம்பி வந்து சொல்வான். அவன் சொல்லும்போது நல்லா குனிஞ்சுக்கிட்டே சொல்வான். நான் அதையெல்லாம் அவன் நல்ல மனசுன்னு நெனச்சுக்குவேன்.

இந்தாங்க, கண்ணைத் தொடச்சுக்கங்க. வலது கையாலயே தொடைங்க. பரவாயில்ல, ஆடிட்டாலும் பரவாயில்ல.

அந்தப் படத்தை நான் தூக்கிப் போடல. அதான் என் புத்தி. ஒரு கை ஒரு மனுசனோட காலை நசுக்கிடுச்சுன்னு தெரிஞ்சதுக்கு அப்புறமும், வெளிச்சம் எவ்வளவு நல்லா விழுந்திருக்குன்னு பாப்பேன். இன்னொரு பிரிண்ட் போட்டு அந்தச் செவுத்துல ஒட்டினேன். தம்பி நல்ல தேக்குத் துண்டு ஒண்ணு கொண்டாந்து எறக்கினான். அதுக்கு முன்னாடியெல்லாம் அவன் கழிவுக்கட்டைதான் கொண்டாருவான், அதுவும் நாலு தடவ கேக்கணும். இந்த மூணு வருஷமாத்தான் கேக்காமலே நல்ல கட்டையா வருது. உங்க எடத்துல அவனை மேஸ்திரியா போட்டாங்கல்ல, அதனால முடியுதுன்னு நெனச்சேன்.

அந்தக் கட்டையில இந்தக் கையைச் செதுக்கினேன். இருங்க, எடுத்துட்டு வரேன்.

இதோ. கனமா இருக்கும், மெதுவா. லிவரைச் செய்யல, கையை மட்டும்தான். பிடிச்ச மாதிரியே இருக்கு, பிடிக்க ஒண்ணும் இல்லாம. பாத்தா இடது கைதான், சந்தேகமே இல்ல. ஆனா இங்க பாருங்க. இந்தச் சுண்டுவிரலு. மத்த மூணும் இறுக்கிப் பிடிச்சிருக்கு, இது மட்டும் ஒட்டாம விலகி நிக்குது. படத்துல சாதாரணமாத்தான் தெரியும், யாரும் கவனிக்கல. நானும் கவனிக்கல. கண்ணு சும்மா தாண்டிப் போயிடும்ணே. உளி தாண்டாது. அந்த விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல இருக்குற சந்துக்கு மட்டும் ஒரு நாள் முழுக்க வேலை. சின்ன உளியால குடைஞ்சு, அரம் உள்ள போகாம, உப்புத்தாளைச் சுருட்டி விட்டுத் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க இந்த விரலை எங்கேயோ பாத்திருக்கேன் எங்கேயோ பாத்திருக்கேன்னு இருந்துச்சு. உங்க விரலா இருக்கும்னு நெனச்சேன். நீங்க டம்ளர் பிடிக்கிறதை எல்லாம் ஞாபகப்படுத்திப் பாத்தேன், ஒட்டல. இடதுன்னு புத்தியில ஏறினதுக்கு அப்புறம் வேற ஆளை நெனைக்கவே தோணல.

ஒரு ஞாயித்துக்கிழமை. தம்பி சாப்பிட வந்தான். இது இந்த மேஜை மேலதான் இருந்துச்சு, எண்ணெய் போட்டு வச்சிருந்தேன். அவன் வந்து உக்காந்து, தட்டு வர்ற வரைக்கும் சும்மா இருக்காம, இதைத் தொட்டுப் பாத்தான். நல்லா வந்திருக்குக்கான்னான். சொல்லிக்கிட்டே தன்னோட வலது கையை இதுக்குப் பக்கத்துல கொண்டுபோய், விளையாட்டுக்கு, இதே மாதிரி மடக்கி ஒட்ட வச்சான்.

கும்பிடுற மாதிரி இருந்துச்சுண்ணே. ரெண்டு கையும் ஒரே ஆளோடது மாதிரி. சுண்டுவிரலும் சுண்டுவிரலும் அதே சந்து விட்டு, அதே கோணத்துல. அவன் குழந்தையா இருக்கும்போது பால் டம்ளரை அப்படித்தான் பிடிப்பான். சுண்டுவிரலை ஒட்டி வைடா, மகாராணி மாதிரி பிடிக்காதன்னு நான்தான் தட்டித் தட்டி விடுவேன். போகவே இல்ல அந்தப் பழக்கம்.

அவனும் பாத்தான். டக்குனு கையை எடுத்துக்கிட்டான்.

நான் சோத்துத் தட்டை அவன் முன்னாடி வச்சிட்டு, இதோ வரேண்டான்னு பாத்ரூமுக்குள்ள போனேன். டப்பாவுல இருந்து அந்த நெகட்டிவ்வைத் தேடி எடுத்தேன். இங்க இருக்கு, கவர்ல வச்சிருக்கேன். வெளிச்சத்துல தூக்கிப் பிடிங்க. ஓரத்தைப் பிடிங்க, நடுவுல விரல் படக்கூடாது. ஃபிலிமுக்கு ரெண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் பளபளன்னு இருக்கும், ஒரு பக்கம் மங்கலா இருக்கும். தெரியுதா? மெஷின்ல வைக்கும்போது மங்கல் பக்கம் கீழ. இதுதான் மொத நாள் பாடம், தொழில் கத்துக்கிறவனுக்கு அ ஆவன்னா மாதிரி. திருப்பி வச்சா படம் வரும், ஒரு குறையும் தெரியாது, ஆனா கண்ணாடியில பாக்குற மாதிரி இடம் வலமா மாறி வரும். எழுத்து இருந்தா கண்டுபிடிச்சிடலாம். சட்டைப் பை தெரிஞ்சா கூட கண்டுபிடிச்சிடலாம். இதுல என்ன இருக்கு, நட்டுக்குத்தா ஒரு கம்பி, அதுக்கு மேல ஒரு உருண்டை. அதை எப்படித் திருப்பினாலும் அது அதேதான். கை மட்டும்தான் மாறும்.

ஓரத்துல சின்னதா நம்பர் இருக்கு பாருங்க. இருபத்திமூணு. அது நேரா படிக்கிற மாதிரி பிடிங்க. இப்ப சொல்லுங்க, எந்தக் கை?

ஆமாண்ணே. வலது கை. உங்க கை இல்ல அது. நீங்க அந்த லிவரைத் தொடவே இல்ல. அன்னைக்குக் காலையில அவசரத்துல, சுருண்ட ஃபிலிமை அழுத்தி வச்சப்ப, நான் மாத்தி வச்சிட்டேன். என் தம்பி கை. யாரோ சரின்னு குரல் கொடுத்த மாதிரி அவனுக்குக் கேட்டுச்சாம், இழுத்துட்டானாம்.

கொஞ்சம் மூச்சு விடுங்க. ஏதாவது பேசுங்கண்ணே. இனிமே அசையலாம், பேசலாம், எல்லாம் பண்ணலாம்.

இந்தக் கவரை எடுத்துக்கங்க. நெகட்டிவ் உள்ள வச்சிடுங்க. ரெண்டு பிரிண்ட் இருக்கு, ஒண்ணு அன்னைக்கு நான் போட்ட மாதிரி, இன்னொண்ணு சரியா போட்டது. பக்கத்துல வச்சுப் பாத்தா சின்னப் புள்ளைக்கும் புரியும். எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒரு லெட்டரும் இருக்கு. தம்பி பேரும் எழுதியிருக்கேன். நாளைக்குக் காலையில மொதலாளி வரச் சொல்லியிருக்காரு, நானும் வரேன், நானே சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி நீங்க இதை அண்ணிகிட்ட காட்டணும். மில்லு அப்புறம். அண்ணிகிட்ட காட்டுறப்ப நான் வரணும்னா வரேன், உங்க வீட்டு வாசல்ல நின்னு தெருவே கேக்குற மாதிரி சொல்றேன். வேணாமா? சரி. நீங்களே சொல்லிக்கங்க. அதுவும் சரிதான்.

தம்பிக்கு இன்னும் தெரியாது, நான் உங்களைக் கூப்பிட்டது. சாயந்தரம் சொல்லணும். அவனுக்கு ரெண்டு பொண்ணுங்க. பெரியவளுக்குப் பரீட்சை நடக்குது. இதெல்லாம் உங்ககிட்ட சொல்லக்கூடாது, உங்க வீட்டுலயும் புள்ளைங்க இருந்தாங்கல்ல அப்ப. வாயைக் கட்ட முடியல, மன்னிச்சுக்கங்க. இல்ல, அந்த வார்த்தையையும் சொல்லக்கூடாது நான். அதைக் கேக்குற தகுதி எனக்கு இல்ல.

என்னது? அவன் எப்படிப் பேசாம இருந்தான்னா? எனக்கு எப்ப தெரியும்னா? சொல்றேன்ணே. சொல்றேன்.

மொதல்ல அவனைப் பத்திக் கேட்டீங்கல்ல, அவன் எப்படிப் பேசாம இருந்தான்னு. அதைச் சொல்லிடுறேன். நெகட்டிவ்வைக் கையில வச்சுக்கிட்டு நான் வெளிய வந்தேன். அவன் சாப்பிட்டுக்கிட்டு இருந்தான். டேய், அது உன் கைடான்னேன். நான் நெனச்சேன், பதறுவான், இல்லம்பான், எந்திரிச்சு ஓடுவான்னு. ஒண்ணும் இல்ல. தட்டைப் பாத்துக்கிட்டே, அதான் உனக்கு மொதல்லயே தெரியுமேக்கான்னான். எனக்குப் புரியல. என்னடா தெரியும்னேன். நிமிந்து பாத்தான், கண்ணு ரெண்டும் நெறைஞ்சு நிக்குது. எனக்காகத்தானக்கா நீ திருப்பிப் போட்ட, படம் பொய் சொல்லாதுன்னு நீ அங்க நின்னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு, எங்கக்கா எனக்காக இதையும் செஞ்சிட்டான்னு, எப்படி இதைப் பத்தி உன்கிட்ட பேசுறதுன்னே தெரியாம இருந்தேன்னு சொல்றான்.

அந்த நல்ல தேக்கெல்லாம் எதுக்கு வந்துச்சுன்னு அப்பதான் எனக்கு உறைச்சுது.

நான் அவனை வளத்தேண்ணே. ஆனா அவன் என்னை மதிச்சதா எனக்குத் தெரிஞ்சதே இல்ல. அக்கா ஒரு கிறுக்கு, மரத்தைக் குடைஞ்சுக்கிட்டு, பாத்ரூமுக்குள்ள பூந்துக்கிட்டு, அவனுக்குப் பொண்ணு பாக்கப் போன எடத்துல கூட இதைப் பத்தி எதுவும் சொல்லாதேன்னுட்டான். அவனுக்கு நாப்பத்தி ரெண்டு வயசு. அந்த நாப்பத்தி ரெண்டு வருஷத்துல அவன் என்னை அப்படிப் பாத்தது அந்த ஒரு நாள்தான். சாமியைப் பாக்குற மாதிரி பாத்தான். சோறு பிசைஞ்ச கையோட.

நான் என்ன பதில் சொன்னேன்னா?

இல்லடா, கை தவறிடுச்சுடான்னு சொல்லியிருக்கலாம். அதுதான் நெசம். சத்தியமா அதுதான் நெசம், நீங்க நம்பினாலும் நம்பாட்டியும். அதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகப்போகுது. நான் ஆமாடான்னு சொன்னேன். உனக்காகத்தான்டா, வேற யாருக்காகன்னு சொல்லிட்டு, அவன் தட்டுல இன்னும் கொஞ்சம் சோறு வச்சேன். அவனும் சாப்பிட்டான்.

அது போன வருஷம்ணே, மழை ஆரம்பிச்ச சமயம். பதினாலு மாசம் ஆச்சு.